வெள்ளவத்தைக் குளிசை

தம்பி, போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் எடுத்து, "அம்மா, கம்பனி என்னை ரெண்டு வருசத்துக்குக் கொழும்புக்கு அனுப்புது" என்றாய். நான், "ஓம், நல்லது, போட்டு வா" என்றேன். "அங்கயிருந்து உங்களுக்கு ஏதும் வேணுமே?" என்று கேட்டாய். "எனக்கென்ன வேணும், ஒண்டும் வேண்டாம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வைத்துவிட்டுக் குசினிக் கதிரையில் அப்படியே இருந்துவிட்டேன். அடுப்பில் பருப்பு அடிப்பிடித்து மணந்த பிறகுதான் எழும்பினேன். ஒண்டும் வேண்டாம் என்று நான் சொன்னது பொய், ராசா. எனக்கு ஒன்று வேண்டும். அதைப் போனில் கேட்க வாய் வராது. வந்தாலும் நீ பாதியில் "அம்மா, ஐ ஹாவ் டு கோ" என்பாய். கடுதாசி என்றால் நீ மெல்பேர்னில், வெரிபீயிலிருந்து வேலைக்குப் போகிற ரயிலில் இருந்து ஆறுதலாக வாசிக்கலாம். அதனால் எழுதுகிறேன்.

விஷயத்தை முதலே சொல்லிவிடுகிறேன். கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு பாமசி இருக்கிறது. அதன் சொந்தக்காரர் பெரேரா மாத்தயா, சிங்களவர். வயது போன மனுஷன். உன் அப்பாவோடு ஒருமுறை பேச வேண்டும் என்று அவர் காத்துக்கொண்டிருக்கிறார். ஓம், நீ கொள்ளி வைத்த உன் அப்பாவோடுதான். அப்பா போய் இரண்டு வருடமாகிவிட்டது என்று அவருக்குத் தெரியாது. தெரியாமல் வைத்திருந்தது நான். நீ போய் அவரிடம் சொல்ல வேண்டும். பொங்கலுக்கு வந்தபோது என் அலுமாரியில் பிரிக்காத குளிசைப் பெட்டிகளைக் கண்டுவிட்டு, "ஆற்ர குளிசை இது? எக்ஸ்பயரி பாத்தீங்களே?" என்று கத்தினாயே, பக்கத்து வீட்டுக் கார்மனுக்கு வாங்கி வைத்தது என்று நானும் ஒரு கதை விட்டேனே, அதற்கும் பதில் இதுக்குள்தான் இருக்கிறது.

நீ சிட்னியை விட்டு மெல்பேர்னுக்குப் படிக்கப் போன வருடம்தான் அப்பாவுக்கு நெஞ்சு முதன்முதலாக இழுத்தது. உன்னிடம் "சின்ன வாயுத்தொல்லை" என்று சொல்லச் சொன்னார். எங்கள் டொக்டர், அந்த நல்ல சீனத்துப் பிள்ளை, புதிதாக வந்த ஒரு குளிசையை எழுதித் தந்தாள். அதிலேதான் இடி. அரசாங்கம் விலை குறைத்துத் தருகிற மருந்து என்றால் இந்த நாட்டில் கவலையே இல்லை, உனக்கே தெரியும். ஆனால் அப்பாவுக்கு இருந்த வருத்தத்துக்கு அந்தக் குளிசையை அவர்கள் அப்போது அந்த விலைக்குத் தரவில்லை. முழு விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும். உன் படிப்பு, வீட்டுக் கடன், அவர் செவன் ஹில்ஸ் பாக்டரியில் செய்த வேலை, நான் முதியோர் இல்லக் குசினியில் செய்த வேலை, எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தாலும் கையைக் கடித்தது. ஆனாலும் வாங்கினோம். வாங்காமல் என்ன செய்வது?

ஒருநாள் குசினியில் பாண் வெட்டுகிற கத்தியின் முனையில் வெள்ளையாய் மா மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. நக்கிப் பார்த்தேன், கசந்தது. கேட்டதற்கு, பாண் மா என்றார். எந்த ஊரில் பாண் மா கசக்கும்? பிறகு பார்த்தால், மனுஷன் ஒவ்வொரு குளிசையையும் இரண்டாக வெட்டி, பாதிப் பாதியாய் விழுங்கிக்கொண்டிருக்கிறார், ஒரு மாதக் குளிசையை இரண்டு மாதத்துக்கு இழுக்க. நான் பிடித்துக்கொண்டு டொக்டரிடம் போனேன். அவள் தமிழ் தெரியாத பிள்ளை என்றாலும் என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டாள். பாதிக் குளிசை போட்டால் பாதிக் குணமும் வராது என்று அவருக்கு எடுத்துச் சொன்னாள். தம்பி, இதை மட்டும் மனதில் வை. மிச்சம் பிடி. நாங்கள் மிச்சம் பிடித்துத்தான் இந்த வீட்டில் நிற்கிறோம். செருப்பில் பிடி, காரில் பிடி, கலியாண வீட்டு மொய்யில் கூடப் பிடி, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் டொக்டர் சொன்ன அளவில் கை வைக்காதே. இந்த விஷயத்தில் நீயும் அப்பாவைப் போலத்தான், உன் இழுப்புக்குப் பம்ப் அடிக்கிறதில் நீ பிடிக்கிற மிச்சம் எனக்குத் தெரியாது என்று நினைக்காதே.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிற தாய்மார் வெளியில் நின்று கதைப்பார்கள். நீ பெரியவனான பிறகும் நான் அங்கே இடியப்பம் விற்கப் போவேன், பள்ளிக்கூடக் கட்டிட நிதிக்கு. அங்கேதான் ஒரு பிள்ளை சொன்னது, வெளிநாட்டுப் பாமசியிலிருந்து தபாலில் மருந்து எடுப்பிக்கலாம், கள்ள வேலை இல்லை என்று. எங்களுடைய சொந்தப் பாவனைக்கு, மூன்று மாதத்துக்கு மேற்படாமல், டொக்டர் மருந்து எழுதின துண்டையும் கூட வைத்து அனுப்பச் சொன்னால் விடுவார்கள் என்றது. நான் டொக்டரிடமே போய்க் கேட்டேன். அவள், "வந்ததும் எனக்குக் காட்டிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருக்கால் இரத்தம் சோதிக்க வேண்டும்" என்று சொல்லித் துண்டு எழுதித் தந்தாள். நீயும் அப்படி எதையும் எடுப்பித்தால் டொக்டருக்கு மறைக்காதே. எங்கள் சனத்துக்கு அது ஒரு வியாதி. ஊர் மருந்தும் எடுக்கும், இங்கத்தை மருந்தும் எடுக்கும், ஒருவருக்கும் சொல்லாது, பிறகு தலைசுற்றி விழும்.

சரி, எந்தப் பாமசி? சென்னையில் எனக்கு ஆளில்லை. சிங்கப்பூரில் கேட்டேன், பதில் இல்லை. எனக்குத் தெரிந்த பாமசி இந்த உலகத்தில் ஒன்றுதான். உனக்கு இருமல் மருந்தும் மாப்பாலும் வாங்கின பாமசி. நாங்கள் இருந்த ஒழுங்கை முனையில், மேசையில் பெரிய கண்ணாடிப் போத்தல் நிறைய இஞ்சி இனிப்பு வைத்திருந்த பாமசி. அந்த இனிப்பைப் பெரேரா மாத்தயாவின் மனுசி வீட்டில் காய்ச்சி, மஞ்சள் மெழுகுத்தாளில் சுற்றிக் கொடுப்பா. தொண்டைக்கு நல்லது என்று சூப்பத் தருவார்கள். வேலை முடிந்து வருகிறபோது அப்பா உனக்கு ஒன்றும் தனக்கு ஒன்றும் வாங்கி வருவார். வாசலுக்கு வரும்போது அவருடையது வாய்க்குள் இருக்கும்.

அந்தப் பாமசிக்குத்தான் போன் எடுப்பது என்று நான் தீர்மானித்தது எவ்வளவு பெரிய வேலை என்று விளங்க, எண்பத்து மூன்று ஆடியில் நடந்ததை நீ அறிய வேண்டும். உனக்கு அப்போது நாலு வயது. நாங்கள் அதைப் பற்றி வீட்டில் பேசினதில்லை. ஒழுங்கையில் தமிழ்ச் சனத்தின் வீடுகள் எரியத் தொடங்கியதும், உன்னை அப்பா தோளில் போட்டுக்கொண்டு ஓடினார், நான் பின்னால். புகையில் பகலே இருண்டு கிடந்தது. முனைக்கு வந்ததும் பாமசியின் இரும்புக் கதவு இழுத்து மூடியிருந்தது. அப்பா தட்டினார். "பெரேரா மாத்தயா, நாங்கள்தான், பிள்ளையோட நிக்கிறம்" என்று கூப்பிட்டார். கதவுக்கு அடியில் ஒரு விரல் இடைவெளி. உள்ளே லைட் எரிந்தது. அந்த வெளிச்சத்தில் இரண்டு காலின் நிழல் வந்து கதவடியில் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. அப்பா திரும்பவும் தட்டினார். லைட் அணைந்தது. பின் ஒழுங்கையில் ஒரு பறங்கிக் குடும்பம் எங்களை உள்ளே எடுத்ததால்தான் நீ இன்றைக்கு எஞ்சினியர். பிறகு அகதி முகாம், பிறகு சித்தப்பா ஸ்பொன்சர் பண்ணி இந்த நாடு. பிளேன் எழும்பினபோது அப்பா சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "அந்த ஊரின்ர பச்சைத் தண்ணியும் இனி என்ர வாயில படாது."

உன் அப்பா பிடித்த முயலுக்கு மூன்று கால்தான். இங்கே எங்கள் டூங்கபிக் கடையில் அவர் பாக்கெட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது நினைவிருக்கிறதா? விலை பார்க்கிறார் என்று நீ பகிடி பண்ணுவாய். அவர் விலை பார்க்கவில்லை, எங்கே செய்தது என்று பார்த்தார். தேயிலை இந்தியாத் தேயிலை. தேங்காய்ப்பால் தாய்லாந்து. பப்படத்தில்கூடக் கொழும்பு என்று எழுதியிருந்தால் பாம்பைக் கண்டமாதிரித் திருப்பி வைப்பார். அந்த மனுஷனுக்கு, அந்த ஊரிலிருந்து, அந்தக் கடையிலிருந்து குளிசை எடுப்பிக்கப் பார்க்கிறேன் நான்! எனக்கும் கோபம் இல்லாமலில்லை. அந்த இரண்டு காலை நானும் கண்டவள். ஆனால் கத்தியில் ஒட்டியிருந்த அந்த வெள்ளை மாவையும் கண்டவள் நான்தான். கோபத்தைக் கரைத்துக் குடித்தால் நெஞ்சு ஓடுமா?

வேலை முடிந்து இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்து, போன் கார்ட்டைச் சுரண்டி, தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் விசாரித்து எடுத்த நம்பரை அமத்தினேன். கொழும்பில் காலை, கடை திறக்கிற நேரம். அவரே எடுத்தார். நல்லாய் நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். உங்கள் ஒழுங்கையில் மேல்வீட்டில் இருந்த அம்மா என்று மட்டும்தான் சொன்னேன். அந்தப் பக்கம் கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "அம்மா... பேபி இருக்கா? பேபிக்கு ஒண்ணும் ஆகல்லையே?" என்று கேட்டார். பதினாறு வருடம், தம்பி. நாங்கள் செத்தோமா இருக்கிறோமா என்று தெரியாமல் அந்த மனுஷன் அந்தக் கதவைத் தினமும் திறந்து மூடியிருக்கிறார். "இருக்கிறான். யுனிவர்சிட்டியில படிக்கிறான்" என்றேன். அவர் அழுதாரா இருமினாரா எனக்குத் தெரியாது, கார்ட்டில் நிமிஷம் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில், "என்ன மருந்து வேணும், சொல்லுங்க" என்றார். கதவைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நான் ஒத்திகை பார்த்த கேள்வி நாலும் இன்றுவரைக்கும் என் வயிற்றுக்குள்தான் கிடக்கிறது.

முதல் பார்சல் இங்கத்தைத் தை மாதக் கோடை வெக்கையில் வந்தது. நான் வேலையால் வரும்வரை தகரத் தபால்பெட்டிக்குள் கிடந்து வெந்துவிட்டது. உள்ளே குளிசைத் தகடுகளோடு ஒரு சின்னப் பொட்டலம், அதன்மேல் இங்கிலிஷில் "பேபிக்கு" என்று எழுதியிருந்தது. இஞ்சி இனிப்பு. எல்லாம் உருகிக் குளிசைத் தகடு முழுக்க ஒட்டிப்போய் இருந்தது. இங்கத்தைப் பாமசிக்காரப் பெட்டை பார்த்துவிட்டு, சூட்டில் கிடந்த மருந்தை நம்ப முடியாது, வேண்டாம் என்றாள். மூன்று மாதக் குளிசையையும் அவளிடமே கொடுத்துவிட்டு, ஸ்டேஷன் வாங்குப் பலகையில் இருந்து அழுதேன். அதற்குப் பிறகுதான் பார்சல் கார்மன் வீட்டு விலாசத்துக்கு. மால்ட்டா நாட்டு மனுசி, எந்த நேரமும் வீட்டில்தான் இருப்பாள். தபால்காரர் கையில் கொடுத்தால்தான் வாங்குவாள். எனக்கும் அவளுக்கும் பொதுவாக ஒரு பாஷையும் சரியாகக் கிடையாது, ஆனால் புருஷனுக்கு மறைக்க வேண்டும் என்றதும் உடனே விளங்கிக்கொண்டாள்.

பிறகு நடந்தது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. டொக்டரிடம் தகட்டைக் காட்டி, அதே மருந்துதான், அதே அளவுதான் என்று அவள் சொன்ன பிறகு, ஒவ்வொன்றாய் உடைத்து எடுத்துச் சிட்னிப் பாமசியின் பழைய போத்தலில் நிரப்பினேன். ஒரு பிழை விட்டேன். சிட்னிக் குளிசை மேலே ரோஸ் பூச்சுப் பூசினது, வெட்டினால்தான் உள்ளே வெள்ளை. கொழும்பிலிருந்து வந்தது வெளியும் உள்ளும் வெள்ளை. அப்பா கையில் வைத்துப் பார்த்தார். "என்ன இது வெள்ளையாக் கிடக்கு?" என்றார். "கம்பனி நிறத்தை மாத்திப் போட்டுதாம்" என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "இந்த நாட்டில எல்லாம் மாறும்" என்று சொல்லி, வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். அப்பாடா என்று நான் குசினிக்குள் போய்ச் சாமியைக் கும்பிட்டேன். போத்தலின் விலைத் துண்டைக் கிழித்துவிட்டேன், விலையும் குறைந்துவிட்டது என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவர் கத்தியை எடுக்கவில்லை.

இனிப்பு மட்டும் ஒவ்வொரு பார்சலிலும் வந்தது, எப்போதும் "பேபிக்கு" என்று. நீ மெல்பேர்னில். உனக்கு அனுப்பினால் எங்கேயிருந்து என்று கேட்பாய். எறியவும் மனம் வரவில்லை. ஒரு மாஜரீன் டப்பாவில் போட்டு மிளகாய்த்தூள் போத்தலுக்குப் பின்னால் வைத்தேன். கொஞ்ச நாளில் பார்த்தால் டப்பாவில் இனிப்புக் குறைகிறது. கார்மனின் பேரப்பிள்ளை வந்து போகிறது, அதுதான் என்று நினைத்தேன். ஒருநாள் அப்பாவின் வேலைக் காற்சட்டையைத் தோய்க்கப் போட முதல் பொக்கற்றைத் தட்டினேன். மஞ்சள் மெழுகுத்தாள். ஒன்றல்ல, ஒரு கைப்பிடி. கேட்போமா விடுவோமா என்று அன்றைக்கு முழுக்க யோசித்தேன். அடுத்த நாள் நான் ரயிலால் இறங்கி வருகிறேன், என்னை ஏற்ற அவர் டூங்கபி ஸ்டேஷன் கார்ப்பார்க்கில் காருக்குள் இருக்கிறார். கண் மூடியிருக்கிறது. ஒரு பக்கக் கன்னம் உப்பியிருக்கிறது. வெளியில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஸ்கேட்போர்ட்டில் கத்திக்கொண்டு போகிறார்கள், அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. அந்த முகத்தை நான் வெள்ளவத்தையில் வாசலில் கண்டிருக்கிறேன், இங்கே வந்த பிறகு காணவேயில்லை. அவர் கன்னம் தணியும்வரை கொஞ்சம் தள்ளி மரத்தடியில் நின்றுவிட்டுத்தான் கார்க் கதவைத் திறந்தேன். "என்ன, ரெயின் லேட்டோ?" என்றார். "ஓம், லேட்" என்றேன்.

அப்படியே வருடங்கள் போனது. அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நீ கலியாணம் கட்டினால் தெரியும், அதுக்குத்தான் இவ்வளவு சொல்கிறேன், ஒரு வீட்டுக்குள் எல்லாவற்றையும் வாயால்தான் சொல்ல வேண்டும் என்று இல்லை. ஆனால் ஒன்றுமே சொல்லாமலும் இருக்கக் கூடாது. அது என் புத்திக்குப் பிந்தித்தான் வந்தது. ஆஸ்பத்திரியில் கடைசிக் கிழமை, நீ வந்து சேருவதற்கு முதல் நாள் பின்னேரம், அவர் என்னைக் கூப்பிட்டார். அதை உனக்கு நான் சொன்னதில்லை. அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"இஞ்சேரும், குளிசை முடியப்போகுதெல்லே. அந்தாளுக்குப் போன் எடுத்தனீரோ?"

"எந்த ஆளுக்கு?"

"கதவு திறக்காத ஆளுக்கு."

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "உங்களுக்கு எப்ப தெரியும்?"

"முதல் நாளே. கம்பனி நிறம் மாத்திப்போட்டுது எண்டு சொல்லேக்க உம்மட மூஞ்சையைப் பாத்தனான்."

"பிறகேன் ஒண்டும் பேசாம இருந்தனீங்கள்?"

"பேசினா விழுங்கேலாது."

நான் அழுதுகொண்டு, "அப்ப அவரை மன்னிச்சுப் போட்டீங்களோ?" என்று கேட்டேன். "இல்லை" என்றார். பிறகு, "ஆனா அந்த இனிப்பு நல்லது. அதை நிப்பாட்டச் சொல்லாதையும்" என்றார். சிரித்தார், தம்பி. அந்தச் சிரிப்பை நீ ஒருநாள் முந்தி வந்திருந்தால் கண்டிருப்பாய். அதற்காக உன்னை நான் குறை சொல்லவில்லை, உனக்குப் பிளேன் கிடைக்கவில்லை.

எட்டுச் செலவு, அந்தியேட்டிக் கிரியைகள் எல்லாம் முடிந்து நீயும் மெல்பேர்னுக்குப் போன பிறகு, பெரேரா மாத்தயாவுக்குச் சொல்ல வேண்டும், இனி மருந்து வேண்டாம் என்று போன் எடுத்தேன். அவர் எடுத்ததும், எப்போதும் கேட்கிற மாதிரி, "ஐயா எப்பிடி, சொகமா?" என்று கேட்டார். நான் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஓம், சுகமா இருக்கிறார்" என்று வந்தது. எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. வந்ததும் நெஞ்சில் ஒரு பாரம் இறங்கினமாதிரி இருந்தது. இங்கே காணுகிற சனம் எல்லாம் என்னைத் தலையைச் சரித்துப் பார்க்கிறது. கோயிலில் பூ தருகிறவர்கூடக் கை தயங்குகிறார். இந்த உலகத்தில் ஒரு ஆளுக்கு மட்டும் என் மனுஷன் இன்னும் உயிரோடு இருக்கிறார். அந்த ஒரு ஆளையும் எப்படி விடுவேன்? மூன்று மாதத்துக்குக் குளிசை அனுப்பச் சொல்லிவிட்டு, அன்றைக்கு இரண்டு பேருக்குப் புட்டு அவித்தேன்.

அப்படியே தொடர்ந்தேன். பழைய துண்டின் நகலையே அனுப்பினேன், அது பிழை என்று தெரியும். ஒவ்வொரு முறையும் அவர் கேட்பார், நான் சொல்வேன். ஐயா ரிட்டயர் பண்ணிவிட்டார். ஐயா பின்வளவில் முருங்கை வைத்திருக்கிறார். "ஆ, முருங்கை காய்க்குதா?" என்பார். "இன்னும் இல்லை, பூக்குது" என்பேன். ஐயாவுக்கும் கார்மனுக்கும் வேலிச் சண்டை. ஐயாவுக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். உயிரோடு இருந்தால் என்னென்ன செய்திருப்பாரோ எல்லாவற்றையும் போனில் செய்வித்தேன். உனக்குப் பெண் பார்க்கவும் தொடங்கியிருந்தார், தெரியுமா? பைத்தியம் என்று நினைக்காதே. சாவும் எனக்குத் தெரியும், சாம்பலும் எனக்குத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் மட்டும் அவர் பின்வளவில் நிற்கிறார் என்று ஒரு நினைப்பு. போனை வைத்துவிட்டுச் சன்னலால் எட்டிப் பார்ப்பேன். முருங்கை இருக்கிறது, அது உண்மையாகவே நான் வைத்தது. அவ்வளவு ஆசை, ராசா, அந்த மனுஷனை ஒருக்கால் பார்க்க.

மூன்று கிழமைக்கு முன்னர் அவர் தானாகவே எனக்குப் போன் எடுத்தார். இதுவரை அப்படி எடுத்ததில்லை. "அம்மா, எனக்குக் கண் சரியாத் தெரியல்ல. இனி கடைய மகள்தான் பாத்துக்குவா. அதுக்கு முந்தி ஐயாவோட ரெண்டு வார்த்த பேசணும். அன்னைக்கி... இல்ல, உங்ககிட்ட இல்ல, அவர்கிட்டதான் சொல்லணும். போனை அவர்கிட்டக் குடுக்கிறீங்களா?" என்றார். "அவர் வெளியில நடக்கப் போட்டார்" என்றேன். "அப்ப அடுத்த மொற" என்றார். "ஓம், அடுத்த முறை" என்றேன். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் என் மனுஷனைப் பிடித்து வைத்துக்கொள்ளப் போய், அந்த வயது போன மனுஷன் இருபத்தாறு வருடமாகத் தொண்டையில் வைத்திருக்கிற சொல்லைச் சொல்ல வழியில்லாமல் பண்ணிவிட்டேன். அவர் சொல்லாமலே கண்ணை மூடினால் அந்தப் பழி எனக்குத்தான். போனில் சொல்லலாம்தான். இரண்டு தரம் நம்பரை அமத்திவிட்டு வைத்துவிட்டேன். "ஐயா எப்பிடி" என்று அந்தக் குரல் கேட்டால் என் வாய் திரும்பவும் "சுகம்" என்றுதான் சொல்லும். அந்தக் கிழமைதான் நீ போன் எடுத்து, கொழும்புக்குப் போகிறேன் என்றாய்.

அந்த ஊருக்கு நீ போகிறது எனக்குப் பயம். சண்டை முடிந்துவிட்டது என்று டிவியில் சொல்கிறார்கள். எத்தனை வீட்டில் என்ன முடிந்தது என்று நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. ஆனாலும் போ. பம்ப்பை மறக்காமல் எடுத்துக்கொண்டு போ, அலுமாரியில் இருந்த குளிசைப் பெட்டிகளை நேற்று நான் பாமசியில் திருப்பிக் கொடுத்துவிட்டேன், அழித்துவிடுவார்கள். மிஞ்சின மருந்தை நீயும் வைத்திருக்காதே, ஒருவருக்கும் கொடுக்கவும் செய்யாதே.

போய்ச் சேர்ந்த முதல் கிழமையே வெள்ளவத்தைக்குப் போ. காலைநேரம் போ, கதவு திறந்திருக்கும். "மேல்வீட்டு அம்மாவின்ர மகன்" என்று சொல்லு, வேறொன்றும் சொல்லத் தேவையில்லை. அவர் கண்ணாடிப் போத்தலுக்குள் கையை விடுவார், எனக்குத் தெரியும். முப்பது வயது ஆம்பிளை என்று வெட்கப்படாதே, வாங்கி வாயில் போடு. பிறகு சொல்லு, அப்பா போய்விட்டார் என்று. அம்மா ஏன் மறைத்தா என்று கேட்டால், அம்மாவுக்கு மனம் வரவில்லை என்று சொல்லு. அவர் அப்பாவிடம் சொல்ல வைத்திருந்ததை உன்னிடம் சொல்வார். முழுக்கக் கேள். இடையில் "இட்ஸ் ஓகே அங்கிள்" என்று மட்டும் சொல்லிவிடாதே. அது நீயோ நானோ சொல்கிற சொல்லில்லை, சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை. கோபம் வந்தால் கோபப்படு, அழுகை வந்தால் அழு, ஆனால் கேட்டு முடி. முடிந்த பிறகு அப்பா சொன்னதைச் சொல்லு, ஒன்றும் கூட்டாதே, குறைக்காதே: மன்னிக்கவில்லை, ஆனால் இனிப்பை நிப்பாட்ட வேண்டாம் என்றார்.

அதுதான், நான் போனில் வேண்டாம் என்று சொன்னது. வரும்போது ஒரு பொட்டலம் கொண்டு வா. இந்த இரண்டு வருடமும் வந்ததை நான்தான் சூப்பினேன். டப்பாவில் அப்பா விட்டுப்போன ஒன்றுதான் இருக்கிறது, அதை நான் தொடவில்லை.

அம்மா